கண்மாயைச் செயற்கைக்கோள் படத்தால் அளப்பது: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சிவகங்கை மாவட்டத்திலுள்ள எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, மழைக்குப் பின் தண்ணீர் உண்மையில் எத்தனை ஹெக்டேரில் நிற்கிறது என்பதை வரைபடமாக்கி மனுவோடு கொடுப்பதென்று ஊரில் முடிவானபோது, கணினி தெரிந்தவன் என்ற முறையில் அந்த வேலை என்னிடம் வந்தது. மூன்று மாதம் உழைத்து, வண்ணப் படங்களோடு கொண்டுபோன முதல் அறிக்கையைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்த அலுவலர் ஒருவர் மூன்றே கேள்விகள் கேட்டார். இந்தப் படம் எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது? இதில் எந்தெந்தப் புல எண்கள் அடங்குகின்றன? இந்தப் பரப்பளவை எப்படிக் கணக்கிட்டீர்கள்? மூன்றுக்கும் என்னிடம் சரியான பதில் இல்லை, அறிக்கை திரும்பி வந்தது. கேள்விகள் நியாயமானவை என்பதால் வேலையை முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் முறை பன்னிரண்டு நாளில் முடிந்தது. அந்த மூன்று மாதம் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கண்மாய் என்று நான் சொல்லும் இடங்களில் ஏரி, குளம், ஊருணி என்று உங்கள் ஊர் வழக்கை வைத்துக்கொள்ளலாம். காடு, மேய்ச்சல் நிலம், சதுப்பு நிலம் ஆகியவற்றைக் கண்காணிக்கவும் பெரும்பாலும் இதே வரிசைதான் பொருந்தும்.

1. கேள்வியை ஒரு வாக்கியமாக எழுதிவிட்டுத் தொடங்குங்கள்

"எங்கள் கண்மாயைச் செயற்கைக்கோளில் பார்க்க வேண்டும்" என்பதை வைத்துக்கொண்டு எந்தப் படத்தையும் தேர்ந்தெடுக்க முடியாது. "2017 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் கண்மாயில் தண்ணீர் நின்ற பரப்பு எவ்வளவு" என்பது ஒரு கேள்வி. "மே மாதத்தில் நீர்ப்பிடிப்புக்குள் சீமைக்கருவேலம் மூடியிருக்கும் பரப்பு எவ்வளவு" என்பது வேறொரு கேள்வி. இரண்டுக்கும் வேண்டிய மாதம் வேறு, கணக்கு வேறு, களச் சோதனையும் வேறு. கேள்வியில் இடம், மாதம், ஆண்டு, அளவின் அலகு ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

செயற்கைக்கோள் படத்தால் சொல்ல முடியாத விஷயங்களையும் இப்போதே ஒதுக்கிவிடுவது நல்லது. நீங்கள் பயன்படுத்தப்போகும் படங்கள் தண்ணீரின் மேற்பரப்பைக் காட்டுமே தவிர ஆழத்தைக் காட்டமாட்டா. மண்மேடிட்ட கண்மாய் குறைந்த தண்ணீரிலேயே அகலமாகப் பரவித் தெரியும் என்பதால், பரப்பு பெரிதாக இருக்கிறது என்பதை வைத்துக் கொள்ளளவு நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். நிலம் யாருக்குச் சொந்தம், எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்பவற்றையும் எந்தப் படமும் தீர்மானிக்காது. அது நில அளவரின் வேலை.

2. நில ஆவணங்களை முதலில் கையில் வையுங்கள்

நான் செய்த பெரிய தவறு, ஆவணங்களைக் கடைசிக்குத் தள்ளியது. படத்தைத் திறப்பதற்கு முன்பே உங்களிடம் மூன்று ஆவணங்கள் இருக்க வேண்டும். முதலாவது அ-பதிவேட்டின் நகல்: அதில் புல எண், நிலத்தின் வகைப்பாடு, பரப்பு ஆகியவை ஹெக்டேர்-ஏர் கணக்கில் இருக்கும். இரண்டாவது எஃப்.எம்.பி. எனப்படும் புலப்படம். இவ்விரண்டின் விவரத்தையும் வருவாய்த் துறையின் மின்சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்துப் பார்க்கலாம். மூன்றாவது கிராம வரைபடம். புலப்படம் ஒரு புலத்தை மட்டும் காட்டும். கிராம வரைபடமோ எல்லாப் புலங்களும் ஒன்றையொன்று எங்கே தொடுகின்றன என்பதைக் காட்டும். அது இல்லாமல் கண்மாயின் முழு எல்லையைப் பொருத்துவது கடினம்.

ஒரு கண்மாய் ஒரே புல எண்ணில் அடங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். எங்கள் கண்மாய் இரண்டு வருவாய்க் கிராமங்களில் ஐந்து புல எண்களாகக் கிடந்தது. நான் முதலில் எடுத்தது மூன்றை மட்டும். கரை, கலுங்கு, வரத்துக்கால் ஆகியவை தனிப் புல எண்களில் இருக்கக்கூடும். பட்டியலை எழுதியதும் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொண்டால், பின்னால் பல நாட்கள் மிச்சமாகும்.

கண்மாய் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள். ஆயக்கட்டு (கண்மாயால் பாசனம் பெறும் நிலம்) 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட கண்மாய்கள் பொதுவாக நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். தவறான அலுவலகத்துக்கு மனு போனால், அது சரியான மேசைக்கு வந்துசேரவே வாரக்கணக்கில் ஆகிவிடும். பழைய அளவீட்டு விவரமோ ஆக்கிரமிப்புப் பட்டியலோ வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பிக்கலாம். பதிலுக்குச் சட்டப்படி 30 நாள் அவகாசம் உண்டு என்பதால், இந்த விண்ணப்பத்தை முதல் நாளே அனுப்பிவிட்டு மற்ற வேலைகளைத் தொடருங்கள்.

3. எந்தச் செயற்கைக்கோள் என்பதைப் பிக்சலின் அளவே தீர்மானிக்கிறது

ஊர் அளவிலான வேலைக்கு ஐரோப்பியர்களின் சென்டினல்-2 படங்களை முதல் தேர்வாகக் கொள்ளுங்கள். ஒவ்வொரு நிற ஒளியையும் அது தனித்தனிப் பட்டையாகப் பதியும். நீலம், பச்சை, சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஆகிய நான்கு பட்டைகளிலும் ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய கட்டம், 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 100 சதுர மீட்டர். இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது: அ-பதிவேட்டில் வரும் ஒரு ஏர் என்பதும் 100 சதுர மீட்டர்தான். ஆகவே ஒரு பிக்சலை ஒரு ஏர் என்று நேராக எண்ணிவிடலாம். சென்ட் கணக்கில் அது ஏறத்தாழ இரண்டரை சென்ட். ஏக்கருக்குச் சுமார் 40 பிக்சல் வரும்.

அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்களில் பிக்சல் 30 மீட்டர், அதாவது 9 ஏர். கால் ஏக்கர் நிலம் ஏறத்தாழ ஒரே பிக்சலாகிவிடும் என்பதால் சிறு ஆக்கிரமிப்புகளை அதில் தேடுவது வீண். ஆனால் 1980களின் நடுப்பகுதி வரை பின்னோக்கிப் போகக்கூடிய இலவசப் படங்கள் அதில்தான் உண்டு. சென்டினல்-2 படங்கள் 2015இல்தான் தொடங்குகின்றன. நம் நாட்டின் ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளின் லிஸ்-3 படங்கள் ஏறத்தாழ 24 மீட்டர், லிஸ்-4 படங்கள் 5.8 மீட்டர், இவற்றை இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் நடத்தும் பூநிதி தளத்தில் கணக்குத் தொடங்கிப் பெறலாம். அதே மையத்தின் புவன் தளம் பார்வையிடவும், ஏற்கெனவே தயாரித்த நிலப்பயன்பாட்டு வரைபடங்களோடு ஒப்பிட்டுக்கொள்ளவும் உதவும்.

கூகுள் எர்த் படங்கள் மிகத் தெளிவாக இருப்பதால் என்னைப்போல் பலரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். அவை கண்ணால் பார்த்து அடையாளம் காண மிகவும் உதவும். கணினியில் நிறுவும் பதிப்பில் பழைய ஆண்டுப் படங்களையும் புரட்டலாம். ஆனால் அவற்றில் அகச்சிவப்புப் பட்டை கிடையாது, வெவ்வேறு நாட்களில் எடுத்த துண்டுகள் ஒட்டப்பட்டிருக்கும். என் முதல் அறிக்கையில் கண்மாயின் வடபாதி ஒரு மாதத்தையும் தென்பாதி வேறொரு மாதத்தையும் சேர்ந்தவை என்பதை அலுவலர் கேட்ட பிறகுதான் கவனித்தேன்.

4. கணினி, மென்பொருள், செலவு

8 ஜிபி நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினி போதும். 16 ஜிபி இருந்தால் காத்திருப்பு குறையும். வரைபடம் தயாரிக்கும் மென்பொருள் கியூஜிஐஎஸ், முற்றிலும் இலவசம். அதன் தளத்தில் புதிய பதிப்பு, நீண்டகால ஆதரவுப் பதிப்பு என இரண்டு இருக்கும். நீண்டகால ஆதரவுப் பதிப்பையே நிறுவுங்கள். கணக்குத் தொடங்க வேண்டிய தளங்கள் இரண்டு: சென்டினலுக்குக் கோப்பர்நிக்கஸ் தரவுத் தளம், லேண்ட்சாட்டுக்கு எர்த் எக்ஸ்புளோரர். இரண்டுக்கும் மின்னஞ்சல் முகவரி இருந்தால் போதும், கட்டணமில்லை. வணிகம் சாராத பணிக்குக் கூகுள் எர்த் என்ஜினும் இலவசம்தான். ஆனால் அதில் நிரல் எழுத வேண்டும் என்பதால், கையால் ஒருமுறை எல்லாம் செய்து பார்த்த பின் அதற்குப் போங்கள்.

படங்களுக்காக யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். "செயற்கைக்கோள் படம் எடுத்துத் தருகிறோம்" என்று சில ஆயிரம் ரூபாய் கேட்ட ஒரு தனியார் கடையில், இலவசமாகக் கிடைக்கும் இதே படத்தைத்தான் அச்சிட்டுத் தந்திருப்பார்கள் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு உண்மையில் செலவானது வண்ண அச்சு, நகல்கள், கட்டண வில்லை, களத்துக்கும் வட்ட அலுவலகத்துக்கும் போய்வந்த பெட்ரோல் எனச் சுமார் 1,400 ரூபாய். ஆளில்லா விமானம் வைத்துப் படம் எடுத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அதற்கு 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள்படி அந்த வான்பகுதியில் பறக்கவிட அனுமதி உண்டா என்று முன்பே பார்க்க வேண்டும், செலவும் பல மடங்கு. இந்த வேலைக்கு அது தேவையில்லை.

5. தேதியைத் தேர்ந்தெடுங்கள்: இதற்கு அதிக நேரம் கொடுங்கள்

எங்கள் பக்கம் கண்மாய் நிறைவது வடகிழக்குப் பருவமழையில். ஆனால் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மேகம் விலகிய படம் கிடைப்பது அரிது. இரண்டு சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை கடந்தாலும், காலை பத்தரை மணியையொட்டி வானம் மூடியிருந்தால் அந்த முறை வீண்தான். ஆகவே அதிகபட்ச நீர்ப்பரப்புக்கு டிசம்பர் கடைசி வாரம் முதல் ஜனவரி இறுதி வரையும், சீமைக்கருவேலத்துக்கு ஏப்ரல் கடைசி முதல் மே இறுதி வரையும் தேடுங்கள். மே மாதத்தில் வயல்கள் தரிசாகக் கிடக்கும், புல் காய்ந்திருக்கும். அப்போதும் பச்சையாக நிற்பது பெரும்பாலும் கருவேலமும் தென்னையும்தான்.

தளத்தில் படத்தைத் தேடும்போது "மேகம் 20 விழுக்காட்டுக்குள்" என்று வடிகட்டுவார்கள். படங்கள் பக்கத்துக்குச் சுமார் 110 கிலோமீட்டர் கொண்ட சதுரங்களாக வரும், அந்த விழுக்காடு ஒரு சதுரம் முழுவதற்கும் ஆனது. சதுரத்தில் 5 விழுக்காடு மட்டும் மேகம் இருந்து, அது முழுவதும் உங்கள் கண்மாயின் மேல் நிற்கலாம். 60 விழுக்காடு மேகமுள்ள படத்தில் உங்கள் ஊர் மட்டும் தெளிந்திருக்கலாம். வடிகட்டியை எடுத்துவிட்டு ஒவ்வொரு படத்தையும் கண்ணால் பாருங்கள். மேகத்தைவிட அதன் நிழல் அதிகமாக ஏமாற்றும், ஏனெனில் தரையில் விழும் கருநிழல் கணக்கில் தண்ணீராகவே வரும். ஒவ்வொரு பிக்சலிலும் என்ன இருக்கிறது என்பதை எண்ணால் சொல்லும் காட்சி வகைப்பாட்டு அடுக்கு ஒன்று படத்தோடு வரும்; அதில் எண் 3 மேக நிழல், 8, 9 ஆகியவை மேகம், 10 மெல்லிய உயர்மேகம். கண்மாய்க்குள் இவற்றில் எதுவும் இல்லை என்று உறுதிசெய்த பின்பே தேதியை ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆண்டுகளை ஒப்பிடும்போது மழையையும் சேர்த்துப் பாருங்கள். 2015இன் இறுதியில் வெள்ளம். 2016இல் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அந்த இரண்டு ஆண்டுகளின் டிசம்பர் படங்களை அருகருகே வைத்துக் கண்மாய் ஆக்கிரமிக்கப்பட்டுவிட்டது என்று காட்டினால், ஒரே நிமிடத்தில் உங்கள் வாதம் உடைந்துவிடும், மற்ற பக்கங்களையும் யாரும் நம்பமாட்டார்கள். குறைந்தது ஐந்து ஆண்டுகளின் அதே மாதப் படங்களை எடுங்கள்.

மழைக்காலத்துக்குள்ளேயே அளந்தாக வேண்டும் என்றால் சென்டினல்-1 ரேடார் படங்கள் உண்டு. அவை மேகத்தை ஊடுருவும். அமைதியான நீர் அவற்றில் கறுப்பாகத் தெரியும். காற்றில் அலையெழும் நீரும், கோரைக்குள் நிற்கும் நீரும் அப்படித் தெரிவதில்லை என்பதால் ரேடாரை முதல் முயற்சிக்கு நான் சொல்லமாட்டேன்.

6. தரவிறக்கும்போது கவனிக்க வேண்டியவை

கோப்பர்நிக்கஸ் பிரவுசரில் உங்கள் கண்மாயைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்து, அந்தத் துண்டை மட்டும் இறக்கலாம். முழுச் சதுரத்தையும் இறக்கினால் ஒரு தேதிக்கே ஏறத்தாழ ஒரு ஜிபி ஆகும். நிலை-1சி, நிலை-2ஏ என்று இரண்டு வகை இருக்கும். வளிமண்டலத்தின் பாதிப்பைத் திருத்தியது நிலை-2ஏ, அதையே எடுங்கள். கோப்பு வடிவம் கேட்கும்போது ஜேபிஜியையும் பிஎன்ஜியையும் தவிர்த்து, டிஃப் வடிவில் மூலப் பட்டைகளையே தேர்ந்தெடுங்கள். ஜேபிஜி என்பது பார்ப்பதற்கான படம் மட்டுமே. அதில் கணக்குப் போட முடியாது.

முழுச் சதுரத்தை இறக்குவோருக்கு ஒரு கண்ணி காத்திருக்கிறது. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 கோப்புகளில் ஒவ்வொரு பிக்சல் மதிப்போடும் 1,000 கூட்டப்பட்டு வருகிறது. அதைக் கழிக்காமல் பழைய ஆண்டுகளோடு ஒப்பிட்டால் பசுமை திடீரென்று குறைந்ததாகத் தெரியும். ஓரிடத்தில் சிவப்பு 500, அகச்சிவப்பு 2,500 என்றால் பசுமைக் குறியீடு (செடிகொடியின் அடர்த்தியைக் காட்டும் எண், கணக்கு 9ஆம் பகுதியில்) 0.67, இரண்டிலும் 1,000 கூடியபின் அதே கணக்கு 0.40 என்று வரும். மரம் ஒன்றுகூட வெட்டப்படாமலே காடு அழிந்துவிட்டதாக எழுத நேரும். பழைய படங்கள் மறுபடி பதப்படுத்தி வெளியிடப்பட்டிருப்பதால் படமெடுத்த ஆண்டை மட்டும் பார்த்தால் போதாது. கோப்புப் பெயரில் "என்" என்ற எழுத்தை அடுத்து வரும் நான்கு இலக்க எண் 0400 அல்லது அதற்கு மேல் என்றால், எல்லாப் பட்டைகளிலும் 1,000 கழித்துவிடுங்கள். பிரவுசரில் துண்டாக இறக்கும்போது இந்தத் திருத்தம் தானாகவே செய்யப்பட்டுவிடுகிறது.

கோப்புப் பெயரிலுள்ள தேதியையும் நேரத்தையும் அப்படியே ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நேரம் உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். அலுவலரின் முதல் கேள்விக்கான பதில் இந்தக் குறிப்பேடுதான்.

7. வரைபட வலயத்தை முடிவுசெய்யுங்கள்

பரப்பளவு தவறுவது பெரும்பாலும் இங்கேதான். உலகை நெடுக்குத் துண்டுகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூ.டி.எம். முறையில் தமிழ்நாடு இரண்டு வலயங்களில் கிடக்கிறது, 78 பாகை கிழக்கு நெடுங்கோடு மாநிலத்தை நெடுக்கே வெட்டுகிறது. கோயம்புத்தூர், நீலகிரி, ஈரோடு, தேனி, தென்காசி, கன்னியாகுமரி ஆகிய மேற்குப் பகுதிகள் 43 வடக்கு வலயம். சென்னை, திருச்சி, தஞ்சை, மதுரை நகரம், சிவகங்கை, இராமநாதபுரம் முதலியவை 44 வடக்கு வலயம். கியூஜிஐஎஸ்ஸில் இவற்றை 32643, 32644 என்ற எண்களால் தேடலாம். திண்டுக்கல், விருதுநகர் பக்கத்தினர் கோட்டின் மேலேயே இருப்பதால் தங்கள் ஊரின் நெடுங்கோட்டைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். அங்கே ஒரே நாளின் படம் இரண்டு சதுரங்களில் இரண்டு வலயங்களோடு கிடைக்கும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கியூஜிஐஎஸ்ஸில் பின்னணிக்கு இணைய வரைபடத்தைச் சேர்த்தவுடன் திட்டம் பெரும்பாலும் வெப் மெர்கேட்டர் என்ற முறைக்குப் போய்விடும். அந்த முறையில் பூமியைத் தட்டையாகக் கொண்டு பரப்பை அளந்தால் மதுரையின் அட்சத்தில் 3 விழுக்காடும் சென்னையின் அட்சத்தில் 5 விழுக்காடும் கூடுதலாக வரும். 100 ஏக்கர் கண்மாய் 103 ஏக்கராகிவிடும். அந்த மூன்று ஏக்கரை ஆக்கிரமிப்பு என்று யாராவது எழுதிவிட்டால் ஊரில் வீண் சண்டை வரும். பாகை அலகில் இறங்கிய படமென்றால் பிக்சலுக்கு மீட்டர் கணக்கே இராது. எனவே முதலில் எல்லா அடுக்குகளையும் உங்கள் வலயத்துக்கு மாற்றிச் சேமித்துக்கொண்டு, பிறகு வேலையைத் தொடங்குங்கள். மாற்றும்போது மறுமாதிரி முறையாக "மிக அருகிலுள்ள பிக்சல்" என்பதையும், பிக்சல் அளவாக 10 மீட்டரையும் தேர்ந்தெடுங்கள்.

8. புலப்படத்தைப் படத்தின்மேல் பொருத்துங்கள்

புலப்படத்தில் அட்சமும் நெடுங்கோடும் இருக்காது. அதைக் கியூஜிஐஎஸ்ஸின் ஜியோரெஃபரன்சர் கருவியில் திறந்து, தரையிலும் தாளிலும் ஒருசேர அடையாளம் காணக்கூடிய புள்ளிகளை இணைக்க வேண்டும். எல்லைக்கற்கள், கலுங்கின் முனை, மடை, சாலை வளைவு ஆகியவை நல்லவை. மரம், வரப்பு மூலை ஆகியவை வேண்டாம். குறைந்தது ஆறு புள்ளிகள், அவையும் கண்மாயைச் சுற்றி நாலா பக்கமும் பரவியிருக்க வேண்டும். பொருத்திய பின் கிடைக்கும் எல்லையின் பரப்பை அ-பதிவேட்டின் பரப்போடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் 2 விழுக்காட்டுக்குள் வரும்வரை நான் புள்ளிகளைத் திருத்திக்கொண்டே இருந்தேன். அதற்கு முழுதாக இரண்டு நாள் ஆனது. கைபேசியின் ஜிபிஎஸ் சாதாரணமாக ஐந்து மீட்டர்வரை பிசகும் என்பதால், ஒவ்வோர் எல்லைக்கல்லிலும் சில நிமிடம் நின்று பல முறை குறித்துச் சராசரி எடுங்கள்.

9. தண்ணீரையும் பசுமையையும் கணக்கிடுங்கள்

தண்ணீர் பச்சை ஒளியை ஓரளவு திருப்பும், அண்மை அகச்சிவப்பைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். இதை வைத்தே நீர்க்குறியீடு அமைந்திருக்கிறது: பச்சையிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். சென்டினல்-2இல் பச்சை என்பது பட்டை 3, அகச்சிவப்பு என்பது பட்டை 8. கியூஜிஐஎஸ்ஸின் ராஸ்டர் கால்குலேட்டரில் இதைப் போட்டதும் ஒவ்வொரு பிக்சலுக்கும் −1 முதல் +1 வரை ஒரு மதிப்பு வரும். பூச்சியத்துக்கு மேல் தண்ணீர் என்று தொடங்கலாம். ஆனால் செம்மண் கலங்கிய நீரும் ஆழம் குறைந்த ஓரங்களும் பூச்சியத்துக்குக் கீழே இறங்கிவிடும். தண்ணீர் என்று உறுதியாகத் தெரிந்த இடங்களில் வரும் மதிப்புகளைப் பார்த்து, எந்த மதிப்புக்கு மேல் தண்ணீர் என்ற எல்லை எண்ணை முடிவுசெய்து, எல்லா ஆண்டுகளுக்கும் அதே எண்ணை வைத்துக்கொண்டு, அதை அறிக்கையிலும் எழுதுங்கள். ஆண்டுக்கோர் எல்லை எண்ணை வைப்பது முடிவை நமக்கு வேண்டியபடி வளைப்பதாகும்.

வெங்காயத்தாமரை மூடிய நீர் இந்தக் கணக்கில் தண்ணீராக வராது, பசுமையாகத்தான் வரும். எங்கள் கண்மாயின் மடைப்பக்கம் முழுக்க அப்படித்தான் இருந்தது. அதைக் கரையிலிருந்து கண்ணால் பார்த்துக் கையால் வரைந்து சேர்ப்பதைத் தவிர எளிய வழியில்லை.

சீமைக்கருவேலத்துக்கு மே மாதப் படத்தில் பசுமைக் குறியீட்டைப் போடுங்கள்: அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, கூட்டுத்தொகையால் வகுப்பது; சிவப்பு பட்டை 4. எங்கள் ஊரில் 0.35க்கு மேற்பட்டவை அடர்ந்த மரமாக இருந்தன. உங்கள் மண்ணுக்கும் மழைக்கும் இது மாறும். கண்மாய் எல்லையால் வெட்டிய பின் மீதமிருக்கும் பிக்சல்களை எண்ணினால் ஏர் கணக்கு வந்துவிடும்: 1,860 பிக்சல் என்றால் 18.60 ஹெக்டேர், ஏறத்தாழ 46 ஏக்கர். பலகோணமாக மாற்றி அளப்போர் டாலர் குறியோடு தொடங்கும் ஏரியா கட்டளையைப் பயன்படுத்துங்கள். அது பூமியின் வளைவைக் கணக்கில் கொள்ளும், குறியில்லாத மற்றது பூமியைத் தட்டையாகக் கொண்டு மட்டும் அளக்கும்.

பரப்பை எழுதும்போது பிழை அளவையும் சேர்த்து எழுதுங்கள். வட்டத்தை ஒத்த 20 ஹெக்டேர் நீர்ப்பரப்பின் சுற்றளவு ஏறத்தாழ 1,600 மீட்டர். விளிம்பில் அரைப் பிக்சல், அதாவது 5 மீட்டர் தவறினாலே 0.8 ஹெக்டேர், நூற்றுக்கு நான்கு, மாறிவிடும். "18.6 ஹெக்டேர், 0.8 கூடவோ குறையவோ இருக்கலாம்" என்று எழுதியதை எந்த அலுவலரும் குறையாகச் சொல்லவில்லை. "18.6327 ஹெக்டேர்" என்று எழுதியதைத்தான் சந்தேகித்தார்கள்.

10. களத்துக்குப் போகாமல் முடிக்காதீர்கள்

வீட்டிலேயே வரைபடத்தில் 50 புள்ளிகளைத் தேர்ந்தெடுத்துக் கைபேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள். இதற்குக் கியூஃபீல்டு என்ற இலவசச் செயலி உண்டு. புள்ளிகளைக் கணினியே எழுந்தமானமாகத் தேர்ந்தெடுக்கட்டும். நடக்க வசதியான கரையோரத்தை மட்டும் நாமாகத் தேர்ந்தெடுத்தால் சோதனைக்குப் பொருளில்லை. ஒவ்வொரு புள்ளியிலும் உண்மையில் என்ன இருக்கிறது என்று எழுதி, தேதி தெரியும்படி புகைப்படம் எடுங்கள். படம் எடுக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் போவது நல்லது. எங்களுக்கு 50இல் 43 சரியாக இருந்தன. தவறிய ஏழில் ஐந்து தென்னை. கண்மாயின் உள்வாயில் யாரோ வைத்த தென்னையைக் கருவேலம் என்று எண்ணியிருந்தேன். அது அறிக்கையில் தனி வரியாக எழுத வேண்டிய செய்தியாயிற்று.

ஊரின் நீர்ப்பாய்ச்சியையோ, கண்மாயை நெடுங்காலம் பார்த்த பெரியவர் ஒருவரையோ கூட அழைத்துப் போங்கள். தண்ணீர் எதுவரை ஏறும், எந்த வரத்துக்கால் தூர்ந்தது என்பதை அவர்கள் காட்டும் இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். கருவேல முள் மெல்லிய செருப்பைத் துளைத்துவிடும், தடித்த அடிப்பாகமுள்ள காலணி அவசியம்.

11. பழைய ஆண்டுகள் வேண்டுமென்றால்

லேண்ட்சாட்டில் பின்னோக்கிப் போகும்போது பட்டை எண்கள் மாறும். லேண்ட்சாட் 5இல் பச்சை 2, சிவப்பு 3, அகச்சிவப்பு 4. லேண்ட்சாட் 8, 9இல் அவையே 3, 4, 5. 2003 மே மாத இறுதியில் லேண்ட்சாட் 7இன் ஒரு கருவி பழுதானதால், அதன் பிறகு வந்த படங்களில் கறுப்புக் கோடுகள் விழுந்திருக்கும். 2012ஆம் ஆண்டுக்கு அந்தப் படங்கள்தான் கைக்குக் கிடைக்கும் என்பதால் அந்த ஆண்டை விட்டுவிடுங்கள். இரண்டாம் நிலைப் படங்களில் மதிப்பை 0.0000275ஆல் பெருக்கி 0.2 கழித்த பிறகே குறியீட்டைக் கணக்கிட வேண்டும். 10 மீட்டர் படத்தின் பரப்பையும் 30 மீட்டர் படத்தின் பரப்பையும் ஒரே அட்டவணையில் கலக்காமல் தனித்தனியாக வையுங்கள்.

12. அறிக்கையும் மனுவும்

அறிக்கை எட்டுப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு வரைபடத்தின் கீழும் செயற்கைக்கோளின் பெயர், படமெடுத்த தேதி, பிக்சல் அளவு, வலயம், எல்லை எண் ஆகியவை ஒரு வரியில் இருக்கட்டும். வடக்குக் குறி, அளவுகோல், புல எண்கள் ஆகியவை படத்தின்மேல் இருக்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தாலும் விளங்கும்படி கோட்டு நிரப்பலைப் பயன்படுத்துங்கள். அலுவலகத்தில் உங்கள் வண்ண அறிக்கை பெரும்பாலும் கறுப்பு வெள்ளை நகலாகத்தான் அடுத்த மேசைக்குப் போகும். அ-பதிவேட்டு நகல், புலப்படம், களப் புகைப்படங்கள், 50 புள்ளிகளின் அட்டவணை ஆகியவை இணைப்பில் சேரட்டும்.

மனுவில் 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தைக் குறிப்பிடலாம். ஆனால் "இன்னார் ஆக்கிரமித்துள்ளார்" என்று பெயர் எழுதாதீர்கள். "இந்தப் புல எண்ணில், இந்தத் தேதியில், இவ்வளவு ஏர் பரப்பில் மரப்பயிர் காணப்படுகிறது, நில அளவரைக் கொண்டு அளந்து எல்லையைக் காட்ட வேண்டுகிறோம்" என்று கேளுங்கள். உங்களால் நிரூபிக்க முடிந்தது அவ்வளவுதான், அலுவலரால் உடனே உத்தரவிட முடிந்ததும் அதைத்தான். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் பதிவு எண்ணோடு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்.

கால அளவாக ஆவணங்களுக்கு மூன்று நாள், படத்தேர்வுக்கும் தரவிறக்கத்துக்கும் இரண்டு, புலப்படம் பொருத்த இரண்டு, கணக்குக்கு ஒன்று, களத்துக்கு இரண்டு, அறிக்கைக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் திணறினால் டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனத்தின் இணையவழிக் கட்டணமில்லாப் பயிற்சிகளில் சேரலாம். தொடங்க ஏற்ற மாதம் ஏப்ரல்: ஆவணங்கள் கையில் வரும்போது கருவேலத்துக்கான மே மாதப் படமும் வந்துவிடும், கண்மாய்க்குள் காலார நடந்து எல்லைக்கற்களைத் தேடவும் முடியும்.